அல்கோன்குவின் ஆமைகள்

டொராண்டோ நகரத்திலிருந்து வடதிசை நோக்கிப் புறப்படும் பிரயாணிக்கு, முதல் ஒரு மணி நேரம் வரையில் நகரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்ற சந்தேகம் தீராது. பேரி என்ற ஊரைக் கடந்த பிறகே வீடுகள் அருகி, வயல்கள் தோன்றி, வயல்களும் மறைந்து, சாலையின் இரு மருங்கிலும் பூமியின் ஆதிகாலத்து எலும்புகளைப் போன்ற கருங்கற் பாறைகள் தலைகாட்டத் தொடங்கும். ஹன்ட்ஸ்வில் என்னும் சிற்றூரில் கிழக்கே திரும்பி, 60ஆம் எண் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் சென்றால் அல்கோன்குவின் வனத்தின் மேற்கு வாயில் வந்துவிடுகிறது. 1893ஆம் ஆண்டில், மரம் வெட்டுவோரின் கோடரிக்கும் நதிகளின் க்ஷேமத்துக்கும் இடையே ஒரு சமாதானம் செய்து வைக்கும் நோக்கத்துடன் ஒன்டாரியோ மாகாண அரசு ஏற்படுத்திய இந்த வனம், இன்று 7,600 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், 2,000க்கும் அதிகமான ஏரிகளோடு விரிந்து கிடக்கிறது.

டொராண்டோவில் வாழும் நம் தமிழ் மக்களுக்கு இந்த இடம் புதிதன்று. இலைகள் சிவந்து பொன்னிறமாகும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குடும்பம் குடும்பமாக அவர்கள் இங்கே வருகிறார்கள். என்னை அழைத்துச் சென்ற யாழ்ப்பாணத்து நண்பரும் அப்படிப் பலமுறை வந்தவர்தாம். நான் ஜூன் மாதத்தில் போக வேண்டும் என்று பிடிவாதம் செய்தபோது, அது கொசுவும் கரு ஈயும் ஆளைத் தூக்கிப் போகும் காலம் என்று எச்சரித்துவிட்டு, ஆனாலும் மறுக்காமல் வந்தார். இலைகளைப் பார்ப்பதற்கு நான் போகவில்லை. ஜூன் மாதம் அந்த வனத்து ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம் என்று படித்திருந்தேன். மாதக்கணக்கில் பனிக்கட்டிக்கு அடியில் பிராணவாயு இல்லாமல் கிடந்துவிட்டு வரும் ஒரு ஜீவனை நேரிலே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலே என்னை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது.

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து செல்லும் மிஸ்ஸி ஏரி நடைபாதை சுமார் 11 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் ஒரு பகுதி, பழைய ரயில் பாதை ஒன்றின் கரைமேல் செல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜே. ஆர். பூத் என்னும் மர வியாபாரி, தம் மரங்களையும் மேற்கேயிருந்து வரும் தானியத்தையும் கொண்டு செல்வதற்காகப் போட்ட பாதை அது. தண்டவாளங்களை என்றோ பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ரயில் வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காகக் கொட்டிய மணலும் ஜல்லியும் மட்டும் இன்றும் ஒரு மேடாக நிற்கின்றன. அந்த மேட்டின் ஓரமாகவே வுல்ஃப் ஹவுல் குளமும் வெஸ்ட் ரோஸ் ஏரியும் இருக்கின்றன. நிழல் அடர்ந்த அந்த ஊசியிலைக் காட்டில், நாள் முழுவதும் வெயில் படும் தளர்ந்த மணல் நிலம் வேறெங்கே கிடைக்கும்? மனிதன் கைவிட்டுப் போன ரயில் பாதையை ஆமைகள் தங்கள் பிரசவ மனையாக்கிக் கொண்டுவிட்டன.

குளத்தை முதலில் வர்ணித்துவிடுகிறேன். ஏனெனில் இந்தக் கதையின் பாதி அந்தக் குளத்தின் அடியில்தான் நடக்கிறது. நீர் தேயிலைக் கஷாயத்தின் நிறம். கரையெங்கும் காலை வைத்தால் அமுங்கும் பாசி மெத்தை. அல்லி இலைகளுக்கு இடையே பட்டுப்போன மரக் கட்டைகள் மிதக்கின்றன. அந்தக் கட்டைகளின்மேல், கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை விரித்து, வெயிலைத் தவிர வேறொன்றிலும் நாட்டமில்லாதவைபோல் ஆமைகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. இவற்றை வர்ண ஆமை என்கிறார்கள். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய உருவம், ஓடு கரும்பச்சை, ஓட்டின் விளிம்பில் குங்குமச் சிவப்புக் கோடுகள், கழுத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த ரேகைகள். பார்ப்பதற்கு மிக மென்மையான, விளையாட்டுப் பொருள் போன்ற இந்தப் பிராணி கண்ணாடி போன்ற பனிக்கட்டிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று யாராவது சொன்னால், பார்த்த மாத்திரத்தில் நம்புவது கடினம்.

அந்தப் பிரதேசத்தில் ஏரிகள் பெரும்பாலும் டிசம்பர் மாதத்துக்குள் உறைந்துவிடுகின்றன. ஏப்ரல் இறுதி வரை அவை திறப்பதில்லை. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரிக்கும் இறங்கும் இரவுகள் அங்கே சாதாரணம். ஆனால் நீருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: 4 டிகிரியில் அது மிகுந்த கனமாக இருக்கிறது, அதற்குக் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலே வந்து உறைகிறது. ஆகையால் மேலே எவ்வளவு கடுங்குளிர் இருந்தாலும் அடியில் நீர் நீராகவே இருக்கும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் வடதேசத்துக் குளங்களில் ஜீவன் என்பதே இராது. குளிர்காலம் வந்ததும் ஆமை அடிமட்டத்துக்கு இறங்கி, சேற்றின்மேலோ சேற்றுக்குள்ளோ அடங்கிவிடுகிறது. அதன் சரீரமும் நீரின் குளிர்ச்சியையே அடைந்து, பூஜ்யத்துக்குச் சற்று மேலே நின்றுகொள்கிறது.

குளிரைவிடப் பெரிய ஆபத்து இதன் பிறகே வருகிறது. பனிக்கட்டி மூடிய குளத்துக்குள் காற்று புகாது. மேலே பனி கொட்டி வெளிச்சமும் அடைபட்டுவிட்டால் நீர்த்தாவரங்கள் பிராணவாயுவை உண்டாக்க வழியில்லை. அடியில் அழுகிக் கிடக்கும் இலைதழைகளோ, இருக்கிற பிராணவாயுவையும் தின்றுகொண்டே இருக்கின்றன. இப்படியாகக் குளிர்காலத்தின் நடுப்பகுதியில் இத்தகைய சிறு குளங்களின் அடிப்பாகம் பிராணவாயு முற்றும் அற்ற பாழிடமாகிவிடுகிறது. நுரையீரலால் சுவாசிக்கும் ஆமைக்கு மேலே வர வழி இல்லை. தோலாலும் தொண்டையின் உட்புறத்தாலும் நீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளலாம் என்றால், உறிஞ்சுவதற்கு நீரில் ஒன்றும் இல்லை. மனித மூளை சில நிமிஷங்கள் பிராணவாயு இன்றி இருந்தால் மாண்டுவிடும். வர்ண ஆமை மாதக்கணக்கில் இருக்கிறது.

அமெரிக்காவில் பிரௌன் சர்வகலாசாலையில் டொனால்ட் ஜாக்ஸன் என்ற சரீர சாஸ்திரி, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்கே அர்ப்பணம் செய்தவர். 3 டிகிரிக் குளிரில், பிராணவாயுவை அறவே நீக்கிய நீரில் வர்ண ஆமைகள் மூன்று மாதத்துக்கு மேலும் உயிரோடு இருப்பதை அவரும் கார்டன் அல்ட்ஷ் முதலியோரும் பரிசோதனையில் கண்டார்கள். வருமானம் நின்றுபோன குடும்பஸ்தர் ஒவ்வொரு விளக்காக அணைத்து, ஒரே அடுப்பை மட்டும் எரியவிட்டுக் காலத்தை ஓட்டுவது போல, ஆமையின் சரீரம் தன் செலவுகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொள்கிறது. குளிரினாலேயே தாழ்ந்துவிட்ட ஜீவ வியாபாரம், பிராணவாயு அற்றவுடன் மேலும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இருதயம் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை மட்டும் துடிக்கிறது. மூளையின் அணுக்கள் தம் வாயில்களைச் சாத்திக்கொண்டு, மின்சார சமிக்ஞைகளை அநேகமாக நிறுத்திவிடுகின்றன. இந்தக் கருத்தை 1986ஆம் ஆண்டில் கனடா தேசத்து அறிஞர் பீட்டர் ஹோசாச்கா விளக்கி எழுதினார். எஞ்சிய சிறு நெருப்புக்கு விறகு, ஈரலில் கோடை முழுவதும் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு.

ஆனால் பிராணவாயு இன்றிச் சர்க்கரையை எரித்தால் மிச்சமாவது லாக்டிக் அமிலம். நாம் மூச்சிரைக்க ஓடும்போது தசைகளில் சேருவது அதுவே. சில நிமிஷ ஓட்டத்துக்கே நம்மால் அதைத் தாங்க முடிவதில்லை. ஆமையின் இரத்தத்தில் அது சாதாரண அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேலாக ஏறுகிறது. முதுகெலும்புப் பிராணிகளில் பெரும்பாலானவை அந்த அமிலத்திலேயே மாண்டிருக்கும். இங்கேதான் ஜாக்ஸனின் ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்த உண்மை வருகிறது. ஆமையின் ஓடு வெறும் கவசமன்று. அதில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்ஷியம் கார்பனேட்டும் மக்னீஷியம் கார்பனேட்டும் நிறைந்திருக்கின்றன; அமிலம் மிகும்போது ஓடு தன் கார்பனேட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்து இரத்தத்தில் விட்டு அமிலத்தைத் தணிக்கிறது. அதோடு நில்லாமல், அந்த லாக்டிக் அமிலத்தில் கணிசமான பங்கைத் தானே உள்ளே வாங்கி, வசந்தகாலம் வரும் வரையில் பத்திரப்படுத்தியும் வைக்கிறது. வெளியிலிருந்து வரும் சத்துருவைத் தடுப்பதற்காக ஏற்பட்டது என்று நாம் எண்ணியிருந்த ஓடு, உள்ளிருந்து எழும் விஷத்தையும் தடுக்கிறது. ஜாக்ஸன் 2011இல் எழுதிய நூலிலும் இந்த ஓட்டின் பெருமை விரிவாக வருகிறது.

எல்லா ஆமைகளுக்கும் இந்த வன்மை வாய்த்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஒன்டாரியோவில் வாழும் மேப் ஆமைகளும் மெல்லோட்டு ஆமைகளும் பிராணவாயு இன்றி நெடுநாள் தாங்கமாட்டா. ஆகையால் அவை நீரோட்டமும் பிராணவாயுவும் நிறைந்த ஆறுகளிலும் பெரிய ஏரிகளிலும், மேப் ஆமைகள் கூட்டம் கூட்டமாகவே, குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஃபிட்ஸ்ராய் நதியில் உள்ள ஓர் ஆமை, வாலடித் துவாரத்தின் வழியாகவே நீரை இழுத்துப் பிராணவாயுவைப் பெறுவதில் வல்லது. ஆனால் சகிப்புத்தன்மை என்று பார்த்தால் நம் வர்ண ஆமைக்கு நிகர் சிலவே.

மாலை சாயும் நேரத்தில் ரயில் மேட்டின்மேல் நடந்தோம். காகிதமும் அளவுகோலும் ஏந்திய இளம் மாணவர்கள் சிலர் அங்குமிங்கும் நின்றிருந்தார்கள். சசஜீவன் ஏரிக்கரையில் 1944ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். குவெல்ஃப் சர்வகலாசாலைப் பேராசிரியர் ரான் புரூக்ஸ் 1972இல் அந்த வனத்தின் மற்றோர் இனமாகிய ஸ்நாப்பிங் ஆமைகளைக் குறித்துத் தொடங்கி, பின்னர் வர்ண ஆமைகளுக்கும் விரித்த ஆராய்ச்சி, ஆசிரியரிடமிருந்து சீடர்களுக்கும், சீடர்களிடமிருந்து அவர்தம் சீடர்களுக்குமாக இன்றளவும் அறுபடாமல் நடந்து வருகிறது. ஆமையின் ஆயுள் நீண்டது. ஒரு மனிதனின் உத்தியோக காலம் அதை அளக்கப் போதாது. அந்த உண்மையை உணர்ந்து, தம் காலத்தில் முடிவு காணாத வேலையைத் தொடங்கி வைத்தவர்கள்பால் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

ஒரு பெண் ஆமை மேட்டின் சரிவில், எங்களைச் சிறிதும் லக்ஷியம் செய்யாமல், பின்னங்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. இடது கால் ஒரு பிடி மண், வலது கால் ஒரு பிடி மண். மண் இறுகியிருந்த இடத்தில் தன் உடலில் சேர்த்து வைத்திருந்த நீரை விட்டு அதை இளக்கிக்கொண்டது. ஓட்டின் விளிம்பில் இரண்டு இடங்களில் சிறு வெட்டுக்கள் இருந்தன; ஒவ்வோர் ஆமைக்கும் விளிம்பின் எந்தெந்தத் தட்டில் வெட்டு என்பதே அதன் எண் என்று ஒரு மாணவி தாழ்ந்த குரலில் எங்களுக்கு விளக்கினாள். குழி முடிந்ததும் முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வெண்மையாக, நீள்வட்டமாக விழுந்தன. பிறகு அந்தத் தாய் மண்ணைத் தள்ளி மூடி, அடிவயிற்றால் அழுத்திச் சமன் செய்துவிட்டு, ஒருமுறையும் திரும்பிப் பாராமல் குளத்தை நோக்கி நகர்ந்தது. நரிக்கும் ரக்கூனுக்கும் அந்த மண்ணின் வாசனை போதும். ஆகவே மாணவர்கள் அந்த இடத்தில் ஒரு கம்பிக் கூண்டைப் பதித்தார்கள்.

என் நண்பர் வெகுநேரம் பேசாமல் நின்றிருந்துவிட்டு, "எங்கட வன்னிக் குளங்களிலை தண்ணி வத்தினா, பாலாமை சேத்துக்கை புதைஞ்சு கிடக்கும், அண்ணை. மழை வந்தாத்தான் வெளியிலை வரும்" என்றார். உண்மைதான். நம்முடைய பாலாமை வறட்சிக்கு அஞ்சிச் சேற்றில் அடங்குகிறது. இந்த வர்ண ஆமை உறைபனிக்கு அஞ்சிச் சேற்றில் அடங்குகிறது. காலம் மாறும்வரை செலவைக் குறைத்துக் காத்திரு என்ற ஒரே உபாயத்தையே இரண்டும் கைக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அந்தக் குழியில் விழுந்த முட்டைகளின் வரலாறு தாயின் வரலாற்றினும் விந்தையானது. ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ பொரிக்கும் குஞ்சுகள் வெளியே வருவதில்லை. ஒரு சாண் ஆழம்கூட இல்லாத அந்தக் குழிக்குள்ளேயே, உணவின்றி, குளிர்காலம் முழுவதும் இருந்துவிட்டு மறு வசந்தத்தில்தான் குளம் நாடுகின்றன. தாய்க்குக் குளத்தின் நீர் காப்பு. குஞ்சுக்கோ மேலே படியும் பனிப் போர்வையைத் தவிர வேறு காப்பு இல்லை. பனி குறைந்த வருஷங்களில் குழியின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. ஆட்டவாவில் உள்ள கார்ல்டன் சர்வகலாசாலையின் கென்னத் ஸ்டோரி, ரான் புரூக்ஸ் முதலியோருடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகத்தை வியக்கச் செய்தது: இக்குஞ்சுகளின் சரீரத்திலுள்ள நீரில் பாதி பனிக்கட்டியாக உறைந்து, மூச்சும் இருதயமும் நின்று, கையில் எடுத்தால் கல்லைப்போல் இருந்தும், வெதுவெதுப்பு வந்ததும் இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர் மட்டும் உறைகிறது. அணுக்களின் உட்புறம் உறையாமல் தப்புகிறது. பூஜ்யத்துக்குக் கீழ் 4 டிகிரி வரையில்தான் இந்த உபாயம் பலிக்கும்.

அதற்கும் கீழே போனால்? கொலராடோவைச் சேர்ந்த கேரி பேக்கர்ட் என்பவர், நெப்ராஸ்கா மணற்குன்றுகளின் குஞ்சுகளைக் கொண்டு வேறொரு வழியை எடுத்துக் காட்டினார். நீர் உறைவதற்கு ஒரு சிறு பனித்துகளோ தூசியோ வித்தாக வேண்டும். வித்து கிடைக்காவிட்டால் பூஜ்யத்துக்கு மிகக் கீழேயும் அது திரவமாகவே நிற்கும். குஞ்சின் தோல் வெளியிலுள்ள பனித்துகளை உள்ளே புகவிடாமல் தடுக்கும் வரை, அதன் இரத்தம் பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரியையும் தாண்டி உறையாமல் இருக்க முடியும். உறைந்து பிழைக்கிறதா, உறையாமல் பிழைக்கிறதா என்று விஞ்ஞானிகளிடையே நெடுநாள் வாதம் நடந்தது. மண்ணின் ஈரத்தையும் குளிரின் கடுமையையும் பொறுத்து இரண்டில் எது வாய்க்கிறதோ அதைக் கொண்டு அது பிழைக்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஸ்நாப்பிங் ஆமையின் குஞ்சுகளுக்கு இந்த இரண்டு வரமும் இவ்வளவு வாய்க்கவில்லை. அவை இலையுதிர் காலத்திலேயே குழியை விட்டு நீரை நாடுகின்றன. குழியிலேயே தங்கியவை அந்த வனத்தின் குளிரில் அநேகமாகப் பிழைப்பதில்லை.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு ஸ்நாப்பிங் ஆமை நசுங்கிக் கிடந்தது. வாலில் முதலையைப் போன்ற முட்கள் கொண்ட, மிகப் பெரிய, மிக முதிர்ந்த ஆமை. சாலை ஓரத்து ஜல்லியில் முட்டையிடுவதற்காக வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் எங்கள் உற்சாகம் அடங்கிவிட்டது.

அல்கோன்குவினில் கோடை குறுகியது. வளர்ச்சி மெல்ல நடக்கிறது. ஒரு பெண் ஸ்நாப்பிங் ஆமை முதல்முறை முட்டையிடுவதற்கே 17, 18 ஆண்டுகள் ஆகின்றன. குளிர்ந்த கோடையில் முட்டைகள் பொரிப்பதே இல்லை. பொரித்தாலும் ஆயிரம் முட்டைக்கு ஒன்றுகூடப் பெரிய ஆமையாவதில்லை. அப்படியானால் அந்த இனம் எவ்வாறு நிலைத்தது? பெரியவையாகிவிட்ட ஆமைகள் சாகாமல், பல பத்தாண்டுகள் வருஷந்தோறும் முட்டையிட்டுக்கொண்டே இருந்ததனால் நிலைத்தது. 1980களின் இறுதியில் சில குளிர்காலங்களில் நீர்நாய்கள், பனிக்கட்டிக்கு அடியில் செயலற்றுக் கிடந்த ஸ்நாப்பிங் ஆமைகளைக் கடித்துக் கொன்றன. சசஜீவன் ஏரியைச் சுற்றியிருந்த பெரிய ஆமைகளில் பல மறைந்தன. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கெடுத்தும் அந்த நஷ்டம் ஈடாகவில்லை என்று ஜாக்குலின் லிட்ஸ்கஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2018இல் எழுதினார்கள். நீண்ட குளிர்காலத்தைப் பனிக்கட்டிக்கு அடியில் தாங்கும் இந்தப் பிராணியின் இனத்தால், வளர்ந்த ஆமைகள் சிலவற்றின் சாவைத் தாங்க முடியவில்லை. எந்த மந்த கதியினால் அது குளிர்காலத்தை வெல்கிறதோ, அதே மந்த கதியினால் மனிதனின் வேகத்துக்கு முன்னே அது தோற்றுப் போகிறது.

அந்த மாகாணத்து மக்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்நாப்பிங் ஆமையை வேட்டையாடுவதை ஒன்டாரியோ 2017இல் தடை செய்தது. பீட்டர்பரோ நகரில் ஆமைகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை நடக்கிறது; வாகனம் ஏறி ஓடு பிளந்த ஆமைகளுக்கு அங்கே சிகிச்சை செய்கிறார்கள்; தாய் இறந்துவிட்டால் அதன் வயிற்றிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளைத் தாயின் நீர்நிலைக்கே கொண்டு போய் விடுகிறார்கள். ஆயினும் ஒன்டாரியோவின் 8 வகை ஆமைகளும் இன்று ஆபத்துக்குள்ளான ஜீவன்களின் பட்டியலிலேயே இருக்கின்றன.

ஆகையால் டொராண்டோவிலிருந்து அந்தப் பக்கம் காரில் செல்லும் தமிழ் அன்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். மே இறுதியிலும் ஜூன் முழுவதும் நீர்நிலைகளுக்கு அருகே சாலை செல்லும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். சாலையில் ஆமையைக் கண்டால், பின்னால் வண்டி வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பத்திரமாக ஓரத்தில் நிறுத்துங்கள். சிறிய ஆமையை இரு கைகளாலும் ஓட்டைப் பிடித்துத் தூக்கி, அது எந்தத் திசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்திலேயே விடுங்கள். வந்த பக்கம் திருப்பி விட்டால் அது மறுபடியும் சாலையில் இறங்கும். ஸ்நாப்பிங் ஆமையின் வாயருகே கையைக் கொண்டு போகாதீர்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் முதுகெலும்பு பழுதாகும், ஆகவே ஓட்டின் பின்புறத்தைப் பிடித்து நகர்த்துங்கள், அல்லது காரின் கால்விரிப்பின்மேல் ஏற்றி இழுத்துவிடுங்கள். அடிபட்ட ஆமை உயிரோடிருந்தால், காற்றோட்டமுள்ள பெட்டியில் தண்ணீர் ஊற்றாமல் வைத்து, பீட்டர்பரோ வைத்தியசாலைக்குத் தெரிவியுங்கள்.